வஸ்தியாம்பிள்ளையின் சனிக்கிழமைப் போத்தல்

போட் எஞ்சினின் அடிக்காலை நீலப் பீப்பாய்ப் பரலுக்குள் இறக்கிவிட்டு, "ஊத்து பிள்ளை" என்றார் வஸ்தியாம்பிள்ளை. நிஷாந்தினி ஹொட்டேல் கிணற்றில் அள்ளிய நல்ல தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். நாள் முழுக்கக் கடலோடு சேர்ந்த உப்புக் களப்பில் ஓடிய எஞ்சினுக்குப் பின்னேரத்தில் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உள்ளே உப்புப் பூத்துவிடும். அவர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் நூலாகப் பீச்சியது. அவர் அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"இன்னும் கரிக்குது."

"அது உங்கட விரல்ல இருக்கிற உப்பு அப்பா."

அவள் முந்தலில் ஓர் இறால் பண்ணையில் தண்ணீர் பரிசோதிக்கிறவள். உப்பளவு பார்க்கும் சிறிய குழல் எப்போதும் அவள் பையில் இருக்கும். ஒரு துளி விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"உப்பே இல்ல. நிப்பாட்டுங்க."

"உன்ர சாமான் இறாலுக்கெல்லோ?"

"எஞ்சினுக்கு வேற உப்பா?"

அவர் சிரித்துக்கொண்டு நிறுத்தினார். இருவருமாகப் பரலைச் சரித்துத் தண்ணீரைத் தென்னையின் அடியில் ஊற்றினார்கள். பிறகு கைகழுவிக்கொண்டு ஹொட்டேல் பாருக்குப் போய் எப்போதும் இருக்கும் மேசையில் இருந்தார்கள். அவருக்கு ஒரு சைடர், அவளுக்குப் பிளேன்ரீ. அன்றைக்குப் பேசியதில் ஞாபகம் வைத்திருக்கும்படி ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. இருதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைபட்டது என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். நிஷாந்தினிக்குப் படம் விளங்கியது. விளங்கி என்ன?

குறிஞ்சிப்பிட்டியில் வஸ்தியாம்பிள்ளை வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சைடர் வஸ்தியான் வீடு என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். அந்தப் பெயர் வந்த கதை ஆஸ்பத்திரி விறாந்தை ஒன்றில் தொடங்குகிறது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் நிஷாந்தினிக்கு டெங்கு வந்தது. பதினாலு வயது. மூக்கால் இரத்தம் வடிந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளுக்கு நினைவில்லை. வெளியே நின்ற வஸ்தியாம்பிள்ளை, தலவில அன்னம்மா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகளை விரித்தார். மனதுக்குள் சொல்ல அவருக்குத் தெரியாது. கடலில் கத்திப் பழகிய குரலில் சொன்னார்: "அன்னம்மா, பிள்ளையை எனக்குத் தா. இனிச் சாராயம் இல்ல, பியர் இல்ல, கள்ளு இல்ல. சாகுமட்டும் இல்ல!"

தாதி ஓடிவந்து, "ஐயா, சத்தம் போடாதீங்க" என்றாள். பக்கத்தில் நின்ற மனைவி பாக்கியம்மா, "கேட்டீங்கதானே? நீங்களும் சாட்சி" என்று தாதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை பிழைத்தது. வஸ்தியாம்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குடி பெரிய காரியமில்லை, விட்டுவிட்டார். விட முடியாமல் போனது கள்ளுத் தவறணையில் இருந்த பின்னேரங்களை. வள்ளம் கரைக்கு வந்து வலை காயப் போட்ட பிறகு ஆண்கள் கூடியிருந்து கதைக்கும் ஒரு மணித்தியாலம் அது. யாருக்கு எங்கே மீன் பட்டது, யாருடைய எஞ்சின் மக்கர் பண்ணியது, யார் வீட்டில் யார் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை எல்லாம் அங்கேதான். சோடாப் போத்தலோடு போய் இருந்து பார்த்தார். இரண்டாம் கிளாசுக்கு மேல் போனவர்களுக்கு, குடிக்காமல் பக்கத்தில் இருப்பவன் பொலிஸ்காரன் மாதிரி.

"என்ன வஸ்தியான், நாங்க சொல்லுறதை நாளைக்கு எங்கட பெண்டாட்டிமாருக்கு ஒப்புவிக்கவோ வந்திருக்கிறாய்?" என்று ஒருவன் கேட்டான். பகிடிதான். ஆனால் எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவர் அதன்பிறகு போகவில்லை. வீட்டு வாசலில் இருந்து கிழியாத வலையைப் பின்னினார். மீன் கறியில் உப்புக் கூட என்றார், குறைய என்றார். பாக்கியம்மா, "அன்னம்மா குடியைத்தானே எடுத்தா, வாயை ஏன் எனக்கு விட்டுவச்சா?" என்று கேட்டாள்.

பிறகு வெள்ளைக்காரர்கள் பட்டம் கொண்டுவந்தார்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் கரையில் கடலுக்குப் போக முடியாது. மீனவனுக்கு ஆகாத அதே காற்று, பலகையில் நின்று பட்டம் பிடித்துத் தண்ணீரில் ஓடுகிறவர்களுக்குத் தேன். களப்பை ஒட்டி ஹொட்டேல்கள் வந்தன. ஒன்றில் வஸ்தியாம்பிள்ளைக்கு றெஸ்கியூ போட் ஓட்டும் வேலை கிடைத்தது. கூட ஓடியவர் உசனார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு வந்தவர், இப்போது கற்பிட்டிதான் அவருக்கு ஊர். காற்று இழுத்துக்கொண்டு போகிறவர்களை இருவரும் துரத்திப் பிடித்து, ஆளையும் பட்டத்தையும் போட்டில் ஏற்றிவருவார்கள்.

காற்று விழுந்ததும் எல்லோரும் பாருக்குப் போவார்கள். பார் என்றால் கிடுகுக் கூரையும் மணல் தரையும். வெள்ளைக்காரர், பட்டம் பழக்குகிற பொடியன்கள், போட்காரர் எல்லாருக்கும் ஒரே இடம். உசனாரும் வஸ்தியாம்பிள்ளையும் சோடா வாங்கிக்கொண்டு ஓரமாக இருப்பார்கள். உசனாருக்கு அது இயல்பு. வஸ்தியாம்பிள்ளைக்கு அது தவறணையின் மறுபதிப்பு.

ஒருநாள் தலை நரைத்த ஓர் இங்கிலாந்து மெடத்தைக் காற்று கழிமுகப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பட்டத்தின் நூல் காலில் சுற்றியிருந்தது. வஸ்தியாம்பிள்ளை குதித்துக் கத்தியால் அறுத்துவிட்டார். பின்னேரம் அந்த அம்மா இரண்டு பியரோடு அவர்களுடைய மேசைக்கு வந்தாள். உசனார் நெஞ்சில் கைவைத்து, "நோ மெடம், சோடா" என்றார். வஸ்தியாம்பிள்ளை, "நோ பியர். சேர்ச் ப்ரொமிஸ்" என்றார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாருக்குப் பின்னால் நின்ற கிளைட்டனிடம் போனாள். கிளைட்டன் சிலாபத்துப் பொடியன், வாய் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் ஓடுகிறவன். அவன் ஒரு போத்தலும் ஐஸ் போட்ட கிளாசும் கொண்டுவந்து வைத்தான்.

"அங்கிள், இதுக்குச் சைடர் எண்டு பேர். இங்கிலாந்துப் பப்புல பியர் பிடிக்காத ஆக்கள் இதைத்தான் எடுப்பாங்களாம். மெடம் சொல்லச் சொன்னாங்க."

"என்னத்தில செய்யிறது?"

"அப்பிள்ல அங்கிள்." அவன் அடுத்த மேசைக்கு ஓடிவிட்டான்.

அப்பிள் என்றால் அந்தக் கரையில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்குக் கடதாசிப் பையில் கொண்டுபோவது. தென்னையில் வெறிக்கிற சாமான் வரும், பனையில் வரும். நோயாளிக்குக் கொடுக்கிற பழத்தில் எப்படி வரும்? அந்த நினைப்பே வஸ்தியாம்பிள்ளைக்கு வரவில்லை. உசனார் மட்டும் கிளாசை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வேணாம் மச்சான். அப்பிள் இப்பிடி நுரைக்கிறதை நான் கண்டதில்ல."

"உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்."

அவர் குடித்தார். இனிப்பு முதலில் வந்தது, சோடா மாதிரித் தொண்டையில் ஒட்டாமல் போனது. பின்னால் ஒரு புளிப்பு, அதற்கும் பின்னால் மெல்லிய கசப்பு. "காத்தைக் கடிச்சுத் தின்ட மாதிரி இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய காரியம் வேறு. கிளாசில் அது பொன்னிறமாக, குமிழியோடு, பார்வைக்குப் பியர் மாதிரியே நின்றது. அந்தக் கிளாசோடு இருந்தவரிடம் யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. பொடியன்கள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் சுறா வலையில் பட்ட கதையைச் சொன்னார். ஏழு வருடமாகச் சொல்லாத கதை, அதனால் சுறா கொஞ்சம் வளர்ந்திருந்தது. தலை லேசாக இருந்ததற்குக் காற்றும் களைப்பும் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நாளுக்கு ஒன்று. வீட்டில் பாக்கியம்மா பழைய வழக்கப்படி வாசலில் மறித்து, "ஊதுங்க" என்பாள். அவர் ஊதுவார். அவள் மூக்கைச் சுருக்கி யோசிப்பாள். சாராயம் இல்லை, பியர் இல்லை. ஏதோ பழம் பழுத்த மணம்.

"என்ன குடிச்சீங்க?"

"அப்பிள் தண்ணி. வெள்ளைக்காரங்க ஆஸ்பத்திரியில வருத்தக்காரருக்குக் குடுக்கிறது."

சந்தேகத்தோடு உள்ளே விடுவாள்.

நிஷாந்தினி அப்போதுதான் படிப்பை முடித்து முந்தலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமென்று ஹொட்டேலில் இறங்கினாள். அவர் பத்துப் பேருக்கு நடுவில் இருந்து கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். இப்படி அவரை அவள் சின்ன வயதில் கண்டது. அவளைக் கண்டதும் பெருமையாகப் போத்தலை நகர்த்தினார். "குடிச்சுப் பார் பிள்ளை. உடம்புக்கு நல்லது."

அவள் போத்தலைத் திருப்பினாள். எந்தப் போத்தல் கையில் வந்தாலும் சின்ன எழுத்தைப் படிப்பது தொழில்பழக்கம். படித்துவிட்டு இன்னொரு தரமும் படித்தாள். அளந்து கண்ட எண்ணை மாற்றிச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

"அப்பா, இதில நாலரை வீதம் அற்ககோல் இருக்கு."

"எண்டா?"

"பியர்லயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்."

அவர் கிளாசை மேசையில் வைத்தார். பிறகு புறங்கையை அவளுடைய நெற்றியில் வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். பாரில் இருந்த எல்லாருக்கும் முன்னால், இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு. கையை எடுக்கவேயில்லை. நிஷாந்தினிக்கு அப்போதுதான் அவருடைய நேர்த்திக்கடன் யாருக்காக என்பது நெற்றியில் உறைத்தது.

அடுத்த நாளிலிருந்து அவர் பாருக்குள் காலடி வைக்கவில்லை. பின்னேரத்தில் முந்தலுக்குப் போன் எடுத்தார்.

"காய்ச்சலா பிள்ளை?"

"இல்ல அப்பா."

"தலையிடி?"

"நீங்க போன் எடுத்தா மட்டும்."

இரண்டு கிழமை இப்படிப் போனது. பிறகு அவளுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. போனில் கேட்டார், அவள் ஓம் என்றாள். அடுத்த பஸ்ஸிலேயே அப்பாவும் அம்மாவும் முந்தலில் வந்து இறங்கினார்கள். பாக்கியம்மாவுக்கு வழியில் எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் புருஷனைப் பார்க்காமலே பேசினாள்.

"ஊதுங்க, ஊதுங்க எண்டு தினம் கேட்டன். என்ர மூக்கையும் ஏமாத்தி, அன்னம்மாவையும் ஏமாத்தி... இப்ப பாருங்க பிள்ளையை."

"எனக்குத் தெரியாது பாக்கியம். அப்பிள் எண்டு நினைச்சன்."

நிஷாந்தினி போர்வைக்குள்ளிருந்து, "அம்மா, பண்ணையில பாதிப் பேருக்குக் காய்ச்சல். அவங்கட அப்பாமாரும் சைடர் குடிச்சவங்களா?" என்றாள்.

"நீ வாயை மூடு. உனக்காகப் பிடிச்ச நேர்த்தியில உனக்குக் கதை இல்ல."

வஸ்தியாம்பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் இருந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் தானாக விட்டது, இரத்தப் பரிசோதனையும் சுகமாக வந்தது. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. அடுத்த ஞாயிறு தலவிலவுக்கு நடந்தே போனார். அங்கே கோயில் பாதிரியார் சுவாமியோடு நடந்த கதையை நிஷாந்தினி பிறகு பலதடவை கேட்டிருக்கிறாள். சுவாமியின் குரலிலும் தன் குரலிலும் அவரே மாறி மாறிச் சொல்லுவார்.

"தெரியாமக் குடிச்சது பாவம் இல்ல. வீட்டுக்குப் போ" என்றாராம் சுவாமி.

வஸ்தியாம்பிள்ளை போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சுவாமி, நான் நேர்ந்தது சாராயம், பியர், கள்ளு. சைடர் எண்டு சொல்லேல்ல."

"அன்னம்மாளுக்கு முன்னால சட்டத்தரணி வேலை பாக்கிறியா?"

"இல்ல சுவாமி."

"அந்தச் சாமான் அவ்வளவு ருசியோ?"

"ருசிதான் சுவாமி. அதைவிட, அது கையில இருந்தா மனிசர் பக்கத்தில இருக்கிறாங்க."

சுவாமி கடைசியில் இறங்கிவந்தாராம். "நேர்த்தியை ஏமாத்தக் கூடாது. மாத்தலாம். விட்டதைவிடப் பாரமானது ஒண்டைக் கையில எடுக்கோணும். ஆனா அந்த நேர்த்தியில உன்ர மனுசிக்கும் பங்கு இருக்கு. அவ சம்மதிக்காம நான் ஒண்டும் செய்யமாட்டன்."

உசனாரிடம் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முடிஞ்சுது மச்சான் உன்ர கதை. அல்லாட்ட கேட்டாலும் கிடைக்கும், பாக்கியம்மாட்டயா?"

பாக்கியம்மா பிடிகொடுக்கவில்லை. ஒரு மாரியும் போய் அடுத்த கச்சானும் வந்துவிட்டது. அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனாலும் வர நேரமாவது அவளுக்கு உறுத்தியது. ஒரு சனிக்கிழமை, பூசைக்கு உடுக்கும் சேலையை உடுத்திக்கொண்டு, "வா, உந்த இடத்தை ஒருக்காப் பாப்பம்" என்று நிஷாந்தினியையும் இழுத்துக்கொண்டு ஹொட்டேலுக்குப் போனாள்.

பாருக்குள் அவள் நுழைந்ததும் ஊர்ப் பொடியன்கள் கிளாசை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். கிளைட்டன் துவாயால் ஒரு கதிரையைத் துடைத்து வைத்தான். "இருங்க அன்ரி." உசனார் சோடாவோடு எழுந்து நின்றார்.

"அவர் எங்க?" என்றாள் பாக்கியம்மா.

உசனார் வெளியே கைகாட்டினார். வஸ்தியாம்பிள்ளை கரைக்கு இழுத்த போட்டின் விளிம்பில், பாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியே இருந்தார். உள்ளே ஒரு பொடியன் சொன்ன பகிடிக்கு எல்லாரும் சிரித்தார்கள். பகிடி அவருக்குக் கேட்டிருக்காது, சிரிப்பு மட்டும் கேட்டிருக்கும். அவரும் அங்கே தனியே இருந்து சிரித்தார்.

"தினமும் இப்பிடியா?" என்று பாக்கியம்மா மெல்லக் கேட்டாள்.

"தினமும்தான் தங்கச்சி. உள்ள வா மச்சான், சோடா குடி எண்டாலும் வரமாட்டான். வாசம் பட்டாலே பிள்ளைக்கு ஏதும் ஆகிடும் எண்டு பயம்."

பாக்கியம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அழவில்லை, தடிமன் என்று பிறகு சொன்னாள். எழுந்து மணலில் இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் திடுக்கிட்டு, பழக்கத்தில், ஊதிக் காட்டினார்.

"ஊத வேணாம். நான் சொல்லுறதைக் கேளுங்க. தலவிலத் திருநாளுக்குச் சனம் வந்து காட்டுக்குள்ள கொட்டில் போட்டுத் தண்ணிக்கு அலையுது. இனி வருசா வருசம் திருநாள் முடியுமட்டும் அந்தச் சனத்துக்கு நீங்க தண்ணி சுமக்கோணும். அந்த நாளில பட்டக்காரன் அள்ளித் தந்தாலும் போட் ஓடக் கூடாது."

திருநாள் வருவது கச்சானின் உச்சத்தில். ஹொட்டேலில் கை நிறைய வரும்படி வருகிற நாள்கள் அவை. அது அவளுக்கும் தெரியும்.

"சரி" என்றார்.

"முடியேல்ல. கிழமைக்கு ஒரு போத்தல், சனிக்கிழமை. அதுவும் பிள்ளை பக்கத்தில இருந்தா மட்டும். அவளைக் கண்ணால பாத்துக்கொண்டு குடியுங்க. வீட்டு வாசல்படி ஏறி அந்தப் போத்தல் வரக் கூடாது."

"அம்மா, என்னை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்க?" என்றாள் நிஷாந்தினி.

"எல்லாம் உன்னாலதானே."

சுவாமி இதைக் கேட்டு ஒப்புக்கொண்டார். இப்படித்தான் நிஷாந்தினியின் சனிக்கிழமைகள் அப்பாவுக்கு எழுதி வைக்கப்பட்டன. முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் படத்துக்குப் போகும்போது, அவள் அப்பா குடிப்பதற்குக் காவல் இருக்க பஸ் ஏறினாள். பிறகு எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ஒரு போத்தல் முடியும்வரை இரண்டு பேர் ஒரு மேசையில் இருந்தால் ஏதாவது பேசத்தான் வேண்டும். அவள் குளங்களில் ஒட்சிசன் குறைந்து இறால் மேலே வந்த கதையைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தான் பாக்கியம்மாவைப் பெண் பார்க்கப் போய் வேறு வீட்டுக்குள் நுழைந்து பலகாரமும் சாப்பிட்டுவிட்டு வந்ததை அவர் சொன்னார். வீட்டில் இவற்றை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் குடிப்பதில் ஓர் ஒழுங்கு வந்தது. ஐஸை முதலில் போடுவார். போத்தலைச் சரித்துக் கிளாசின் ஓரமாக விடுவார். முதல் வாய் குடித்ததும் மகளைப் பார்ப்பார். அவள், "இருக்கிறன் அப்பா, இருக்கிறன்" என்பாள். அதன்பிறகுதான் கதை தொடங்கும். பொடியன்கள் பியரோடு வந்து சூழ்ந்துகொள்வார்கள். "சைடர் வஸ்தியான்" என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

"அங்கிள், பியர் ஒரு வாய் குடிச்சா அன்னம்மா கோவிப்பாவா?"

"அன்னம்மா கோவிக்கமாட்டா. பாக்கியம்மா கோவிப்பா. உனக்கு ரெண்டு பேரிலயும் ஆரைத் தாங்க ஏலும்?"

ஒருநாள் வழியில் பஸ் பழுதாகி, அவள் வர இருட்டிவிட்டது. போத்தல் திறக்காமல் மேசையில் வியர்த்துக்கொண்டு நின்றது. "நான் மூண்டு தரம் கேட்டன் அக்கா, திறக்கவா எண்டு. பிள்ளை வரட்டும் எண்டிட்டார்" என்றான் கிளைட்டன். அன்றைக்கு அவர் சூடான சைடரைக் குடித்து, முகத்தைச் சுளிக்காமல், நல்லாயிருக்கு என்றார்.

திருநாளுக்குத் திருநாள் தண்ணீர் சுமந்தார். தோளில் தழும்பு விழுந்தது. பாக்கியம்மா கொட்டில் கொட்டிலாகப் போய் யாருக்குத் தண்ணீர் இல்லை என்று விசாரித்து வந்து அவரை விரட்டுவாள். கச்சானில் இழக்கிற வரும்படியைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. "நல்ல சனம். சிங்களச் சனம், தமிழ்ச் சனம் எல்லாம். தண்ணி குடுத்தா உடனே கதை சொல்லுது" என்பார். அவருக்கு அங்கேயும் ஒரு தவறணை கிடைத்துவிட்டது.

பிறகு நோய்க்காலம் வந்து வெள்ளைக்காரர்கள் நின்றுபோனார்கள். அதன் பின்னால் நாட்டில் காசு இல்லாமல் போய் வெளிநாட்டுச் சாமான் வருவதும் நின்றது. கிளைட்டன் சிலாபத்துக்குப் போய்விட்டான். பாரின் கிடுகு காற்றில் பிய்ந்து தொங்கியது. ஊருக்குள் பியர் இருந்தது, சாராயம் இருந்தது. வஸ்தியாம்பிள்ளை தொடவில்லை. பஸ் ஓடிய சனிக்கிழமைகளில் நிஷாந்தினி வந்தாள். பூட்டிய பாரின் இரண்டு கதிரைகளை எடுத்து நிமிர்த்திப் போட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தார்கள். ஒருநாள் அந்த வழியாக வந்த உசனார் சைக்கிளை நிறுத்தினார்.

"மச்சான், போத்தல் இல்ல, கூரை இல்ல. இதுக்குள்ள என்னத்துக்கு ரெண்டு பேரும் குந்தியிருக்கிறீங்க?"

"சனிக்கிழமையெல்லோ" என்றார் வஸ்தியாம்பிள்ளை.

உசனார் மூன்றாவது கதிரையைத் தேடி எடுத்தார்.

காற்றோடு பட்டங்கள் திரும்பி வந்தன. கிளைட்டன் திரும்பி வந்தான், வயிறு கொஞ்சம் வண்டி வைத்திருந்தது. சைடரும் வந்தது. வஸ்தியாம்பிள்ளைக்கு அதன்பிறகு இரண்டு கச்சான் கிடைத்தது. அந்த இரண்டிலும் அவர் எதையும் குறையாகச் சொல்லி நிஷாந்தினி கேட்கவில்லை, மீன் கறியில் உப்பைத் தவிர.

எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து மூவரும் வீட்டுக்கு நடந்துவந்தார்கள். அந்த வருடத்துத் திருநாள் அப்போதுதான் முடிந்திருந்தது. அவருடைய தோள் இன்னும் சிவந்திருந்தது. பாக்கியம்மா நடந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"உந்தச் சாமானில எனக்கும் ஒண்டு கொண்டுவாங்க."

வஸ்தியாம்பிள்ளை நின்றுவிட்டார். "எந்தச் சாமான்?"

"சைடர்தான். இத்தனை வருசமா உங்கட வாயை மணந்து பாத்தே என்ர காலம் போச்சு. ஒருக்கா நான் குடிச்சும் பாக்கிறன்."

"வாசல்படி ஏறக் கூடாது எண்டு நீதானே சொன்னாய்?"

"நான் சொன்னதை நான் மாத்தக் கூடாதா? சுவாமியட்ட கேக்கோணுமா?"

அவர் நடுரோட்டில் சிரித்த சிரிப்பைக் கண்டு எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒதுங்கிப் போனான். வீட்டுக்கு வந்து சேட்டுக் கழற்றுவதற்கு முன்னமே கிளைட்டனுக்குப் போன் எடுத்தார். பிரிஜ்ஜில் முன்னால் இருக்கிற போத்தல் வேண்டாம், கதவைத் திறந்து திறந்து மூடுவதால் அது நல்லாகக் குளிராது. பின்வரிசையில் ஒன்றை எடுத்து வை. சனிக்கிழமை நானே வந்து எடுப்பேன். ரோட்டால் கொண்டுபோனால் சூடாகிவிடும், ஈரச் சாக்கில் சுற்றிப் போட்டில் களப்பால் கொண்டுபோகிறேன். அன்ரிக்கு. ஓம், அன்ரிக்குத்தான். நீ சிரிக்காதே.

பாக்கியம்மா திங்கட்கிழமை அலுமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாசை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நிஷாந்தினி முந்தலுக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் சேமக்காலையில் குழிக்கு மண் போட்டு முடிந்து சனம் கலைந்தபோது, கிளைட்டன் நிஷாந்தினியிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அக்கா, அங்கிள் சொன்ன போத்தல் பின்வரிசையில இருக்கு. நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்ல."

"இருக்கட்டும்" என்றாள்.

பாக்கியம்மா கொஞ்சத் தூரத்தில் உசனாரின் மனைவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். களப்பில் காற்று நன்றாக இருந்தது. போட் கரையில் கிடந்தது. போத்தலை எடுத்துவர ஒருவரும் போகவில்லை.